இரும்புக் கொக்கு: காயலான் கடைச் சாமான்களில் ஒரு சிற்பம் செய்யும் வழி

துருப்பிடித்த நீள்மூக்குக் குறடு ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நீண்ட அலகு இருக்கிறது. இரண்டு தாடைகளையும் கோத்திருக்கும் ஆணி, கண் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. கைப்பிடிகள் கழுத்துக்குள் இறங்கத் தயாராகப் பின்னால் நீள்கின்றன. கொக்கின் தலை ஏற்கெனவே தயார். அதற்கு ஓர் உடம்பு தேடுவதுதான் நம் வேலை.

பழைய இரும்பில் சிற்பம் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் தாளில் ஒரு படம் வரைந்துகொண்டு, அந்த அளவுக்குத் தகட்டை வெட்ட ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கிடைத்தது தகரக் கொக்கு. திருவிழாக் கடையில் அதைவிட நல்லது கிடைக்கும். பழைய இரும்பின் சிறப்பே அது இன்னொன்றாக இருந்ததுதான். பிக்காசோ 1942-ல் செய்த காளைத்தலையில் ஒரு சைக்கிள் சீட்டும் ஒரு ஹேண்டில்பாரும் மட்டுமே உண்டு. சீட் முகம், ஹேண்டில்பார் கொம்பு. பார்க்கிறவருக்கு அது ஒரே நொடியில் காளையாகவும் தெரிகிறது, சைக்கிளாகவும் தெரிகிறது. இரண்டில் ஒன்று மறைந்துவிட்டால் வேலை கெட்டது. ஆகவே கொக்கு செய்து முடித்த பிறகும் குறடு குறடாகத் தெரிய வேண்டும்.

இங்கே சொல்லப்போவது சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில், ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு. முதல் சிற்பத்துக்கு ஒற்றைக்கால் கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் இந்தக் கலையில் கற்க வேண்டிய முக்கியமான பாடங்கள் எல்லாம் அந்த ஒரு காலில் அடங்கியிருக்கின்றன.

கடைக்குப் போவது

சென்னை என்றால் புதுப்பேட்டை. வண்டிகளைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கும் அந்தச் சந்துகளில் அரைநாள் செலவிடுங்கள். வேறு ஊர் என்றால் உங்கள் பகுதிக் காயலான் கடையே போதும். (காயல்பட்டினத்துக்காரர்கள் முதலில் நடத்தியதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.) கடைக்காரரிடம் இரண்டு விலை உண்டு. உருக்கப் போகும் இரும்புக்கு எடை விலை. இன்னும் ஓடக்கூடிய உதிரிபாகத்துக்குத் தனி விலை. நல்ல நிலையில் இருக்கும் பல்சக்கரத்தை எடுத்துக்கொண்டு எடை விலை கேட்டால் சிரிப்பார். தேய்ந்ததைக் கேளுங்கள். நமக்குத் தேய்ந்ததுதான் அழகு.

கொக்குக்குத் தேவையானவை இவை: நீள்மூக்குக் குறடு ஒன்று. மண் அள்ளும் ஷவலின் தலைகள் இரண்டு, நுனி கூராக இருக்கும் வகை. மோட்டார் சைக்கிள் செயின் ஒன்று. கதிர் அரிவாள் ஆறு. 16 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி ஒரு மீட்டர், 10 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர், 6 மில்லிமீட்டர் கம்பி கொஞ்சம். 16 மில்லிமீட்டர் கம்பி நுழையும் அளவில் பெரிய நட்டுகள் இரண்டு. சைக்கிள் போக்ஸ் கம்பி ஒரு கைப்பிடி. அடித்தளத்துக்கு 10 மில்லிமீட்டர் கனத் தகடு, ஓரடிக்கு ஓரடி. அது மட்டும் 7 கிலோ இருக்கும்.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு கதிர் அரிவாள்கள் டெல்டாப் பக்கத்துக் கடைகளில் கட்டுக்கட்டாக வந்து விழுகின்றன. வளைந்த அந்த அலகின் உள்விளிம்பில் இருக்கும் சிறு பற்களைப் பாருங்கள், இறகின் ஓரம் அப்படியே இருக்கிறது. முறுக்குக் கம்பியின் வரிகளும் அப்படித்தான். கொக்கின் கால் செதில்களை நாம் தனியாகச் செதுக்க வேண்டியதில்லை.

எல்லாம் ஒரே நாளில் கிடைக்காது. இரண்டாவது ஷவல் தலைக்காக நான் ஆறு வாரம் காத்திருந்தேன். முதலாவதற்கு ஜோடியாக ஒன்று வரவே இல்லை. கொக்கு செய்கிறவனுக்குக் கொக்கின் பொறுமை கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

எதைத் தொடக்கூடாது

பெட்ரோல் டேங்க் பறவையின் உடம்பு மாதிரியே இருக்கும். தொடாதீர்கள். பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்தாலும் அதன் மடிப்புகளில் ஆவி இருக்கும். வெல்டிங் பொறி ஒன்று போதும். ஷாக் அப்சார்பர் அழகான கால் போலத் தெரியும். உள்ளே எண்ணெயும் வாயுவும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும், சூடேறினால் வெடிக்கும். பொதுவாக, மூடிய எந்தப் பொருளையும் துளை போட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் சூடாக்கக் கூடாது.

வெள்ளை சாம்பல் நிறத்தில் பளபளக்கும் நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசிய சாமான்கள் இரண்டாவது எச்சரிக்கை. நாகம் எரிந்தால் வெண்புகை வரும். அதைச் சுவாசித்த சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் சந்திப்பதில்லை. முலாமை வினிகரில் ஊறவைத்துக் கரைத்துவிடுங்கள், அல்லது ஒதுக்கி வையுங்கள். குரோமியம் பூசிய பாகங்களின் புகை இன்னும் மோசம். மஞ்சள் கலந்த மினுக்கத்துடன் இருக்கும் பழைய போல்ட்டுகளில் காட்மியம் இருக்கலாம். அவற்றைச் சூடாக்கவே வேண்டாம்.

மூன்றாவது, சட்டம். ரயில் தண்டவாள ஆணி, இணைப்புத் தகடு போன்றவை சிற்பத்துக்கு ஆசை காட்டும். ரயில்வே சொத்துகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிக்க 1966-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சாக்கடை மூடியும் அப்படித்தான். அது யாரோ ஒருவர் விழப்போகும் குழியிலிருந்து வந்திருக்கலாம்.

இரும்பை அடையாளம் காண்பது

வீட்டுக்கு வந்ததும் முதலில் காந்தம். ஒட்டாதவை அலுமினியம், பித்தளை, பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியமும் இரும்பும் சாதாரண வெல்டிங்கில் சேராது. பிஸ்டனை எங்காவது வைக்க ஆசைப்பட்டால் போல்ட் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஒட்டியவற்றைக் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். நீளமான, மஞ்சள் நிற, அதிகம் கிளைக்காத கோடுகள் வந்தால் மென்னிரும்பு. எதற்கும் வளைந்து கொடுக்கும். மத்தாப்புப் போல நட்சத்திரம் நட்சத்திரமாக வெடித்தால் கார்பன் அதிகம்: வில்பட்டை, பேரிங், அரம், குறடு. குட்டையாக, செம்மங்கலாக வந்தால் வார்ப்பிரும்பு: பிரேக் டிரம், பழைய தையல் இயந்திரத்தின் உடல். வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டில் விரிசல் விடும். ஆறும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால், பற்றவைத்தது பிளந்துவிட்டது என்று அர்த்தம். முதல் வேலையில் வார்ப்பிரும்பை ஒதுக்கிவிடுங்கள்.

கார்பன் மிகுந்த பாகங்களுக்கு ஒரு வழி உண்டு. இ312 என்ற ஸ்டெயின்லெஸ் வெல்டிங் ராடு, சாதாரண ராடு பிடிக்காத இடத்திலும் பிடிக்கும். விலை பல மடங்கு. முழுப் பாக்கெட் வாங்க வேண்டாம். பட்டறையில் நாலைந்து ராடு சில்லறையாகக் கேட்டால் கொடுப்பார்கள். பற்றவைத்த இடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தாமல் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள்.

கழுவுவது

சலிப்பான வேலை. செயினை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்துப் பிரஷ் போட்டு, பிறகு சோப்புத்தூள் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கிரீஸ் மிச்சம் இருந்தால் வெல்டிங் நுரை நுரையாக வரும், நிற்காது. ஸ்ப்ரேயில் வரும் பிரேக் கிளீனர் வேண்டாம். சில வகைகளில் உள்ள குளோரின் கரைப்பான் வெல்டிங் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

துருவுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 50 கிராம். ஓர் இரவு ஊறினால் கறுத்து வரும். பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். எல்லாத் துருவையும் எடுத்துவிடாதீர்கள். பற்றவைக்கும் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் போதும்.

வெல்டிங் கற்றுக்கொள்வது

படித்துக் கற்க முடியாத பகுதி இது. தெருமுனையில் கேட், கிரில் செய்யும் பட்டறைக்குப் போய், பத்து நாள் மாலையில் அண்ணனுக்குக் கூடமாட உதவியாக நில்லுங்கள். வெட்கம் வேண்டாம். 1928 வாக்கில் பிக்காசோவுக்கு இரும்பில் வேலை செய்ய ஆசை வந்தபோது அவரும் வெல்டிங் தெரிந்த நண்பர் ஹுலியோ கொன்சாலெஸைத்தான் தேடிப் போனார். கொன்சாலெஸ் அந்தத் தொழிலைக் கற்றது கலைப்பள்ளியில் அல்ல, ரெனோ கார் தொழிற்சாலையில்.

இயந்திரம் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வகை போதும். தோளில் மாட்டிப் போகும் கனம்தான். 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் உருகிவிடும். ராடு 2.5 மில்லிமீட்டர், இ6013 என்ற சாதாரண வகை. கனத் தகட்டுக்கு 80, 85 ஆம்பியர். ஷவலின் மெல்லிய தகட்டுக்கு 60-க்குப் பக்கம். உதவாத துண்டுகளில் நூறு புள்ளி, அதாவது ஒரே இடத்தில் சின்னப் பற்றவைப்பு, வைத்துப் பழகிய பிறகே கொக்கைத் தொடுங்கள். முகக்கவசக் கண்ணாடி 10 அல்லது 11 எண் கருமையில் இருக்க வேண்டும். பருத்திச் சட்டை, முழுக்கை, காலர் மூடியிருக்க வேண்டும், தோல் கையுறை, செருப்பு கூடாது, ஷூ. புகைக்குத் துணி முகமூடி போதாது, வடிகட்டி வைத்த முகமூடி வாங்குங்கள். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள்.

ஒரு புள்ளிதானே என்று முகக்கவசத்தை இறக்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நான் வைத்த புள்ளிகள் ஒரு நாளில் இருபது இருக்கும். அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டது போல எழுந்து உட்கார்ந்தேன். இமை என்பது மெல்லிய தோல், வெல்டிங் கண்ணாடி அல்ல.

கிரைண்டரைப் பற்றி ஒன்றே ஒன்று: அதன் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். கட்டிங் வீலின் கனம் 1 மில்லிமீட்டர். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும் அது உடைந்தால் துண்டுகள் எங்கே போகும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். அலுமினியத்தை அதில் தேய்த்தால் வீலின் துவாரங்கள் அடைபட்டுச் சூடேறும், அதையும் தவிருங்கள்.

தரையில் அடுக்குவது

இனித்தான் சிற்ப வேலை. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கொக்கை முழு அளவில் கோட்டுருவமாக வரைந்து, அதன் மேல் பாகங்களை அடுக்குங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். மாற்றி அடுக்குங்கள், மறுபடி எடுங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். வீட்டில் உள்ளவர்கள் தாண்டித் தாண்டிப் போகட்டும். எந்தப் பாகம் தேவையில்லை என்று மூன்றாம் நாள் தானாகத் தெரியும். என் முதல் கொக்கில் ஸ்பார்க் பிளக், வால்வு, பேரிங் என்று கையில் இருந்ததையெல்லாம் ஒட்டினேன். பார்த்தவர்கள் பாகங்களை எண்ணினார்களே தவிரக் கொக்கைப் பார்க்கவில்லை.

இந்த நேரத்தில் உண்மையான கொக்கையும் பாருங்கள். ஏரிக்கரையில் அரைமணி நேரம் போதும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கழுத்து ஒரே சீராக வளைவதில்லை. நடுவில் ஓரிடத்தில் மடங்கியது போலத் திரும்புகிறது. அங்கே ஆறாவது கழுத்தெலும்பு மற்றவற்றைவிட நீளம். அந்த ஒடிவு இல்லாவிட்டால் உங்கள் கொக்கு வாத்தாகிவிடும். இன்னொன்று, காலின் நடுவில் முழங்கால் போலத் தெரிவது பின்னோக்கி மடங்கும், ஏனென்றால் அது முழங்கால் அல்ல, கணுக்கால். முன்னோக்கி மடக்கினால் மனிதன் கொக்கு வேஷம் போட்டது போல இருக்கும்.

உடம்பிலிருந்து தொடங்குவது

இரண்டு ஷவல் தலைகளையும் சிப்பி போல முகத்தோடு முகம் சேருங்கள். கூர் நுனி வாலாகும். கட்டை செருகும் குழல் முன்னால் வந்து கழுத்தின் அடியாகும். வெல்டிங்கை முழுக்கக் கோடாக ஓட்டாமல் விளிம்பில் ஐந்தாறு இடத்தில் புள்ளி மட்டும் வையுங்கள். ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டு போனால் தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளும். ஒரு புள்ளி இடப்பக்கம், அடுத்தது எதிரே வலப்பக்கம் என்று மாறி மாறிப் போங்கள். அடிவயிற்றில் சிறு இடைவெளி விடுங்கள், மழைநீர் வடிய.

அடுத்தது கழுத்து. 6 மில்லிமீட்டர் கம்பியை வைஸில் பிடித்து, அந்த ஒடிவோடு வளையுங்கள். அதன் இருபுறமும் செயினைப் படியவிட்டு, இரண்டு கண்ணிக்கு ஒரு புள்ளி என்று கம்பியோடு பிடியுங்கள். 35 சென்டிமீட்டர் கழுத்துக்குப் பக்கத்துக்கு 28 கண்ணி வரும். செயின் ஒரு தளத்தில் மட்டுமே வளையும். தலை திரும்பியிருக்க வேண்டுமென்றால் கழுத்தின் உச்சியில் வெட்டித் திருப்பி ஒட்ட வேண்டும். கொஞ்சம் திருப்புங்கள். நேராகப் பார்க்கும் கொக்கு கடையில் நிறுத்திய பொம்மை போல இருக்கும்.

குறட்டின் பிளாஸ்டிக் உறையை முழுவதும் உரித்துவிட்டு, இ312 ராடால் கழுத்தில் சேருங்கள். அலகை ஒரு விரல் கனம் திறந்து வைத்து, ஆணியோரம் ஒரு சின்னப் புள்ளி வைத்தால் அப்படியே நிற்கும். ஆணியின் தலையில் பொறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கண்.

கால் எங்கே வரவேண்டும்

என் முதல் கொக்கு மூக்குக் குப்புற விழுந்தது. படத்தைப் பார்த்து, அழகாகத் தெரிந்த இடத்தில் காலை ஒட்டியிருந்தேன். கழுத்தும் தலையும் முன்னால் எவ்வளவு கனம் சேர்க்கும் என்று யோசிக்கவில்லை.

சரியான வழி இது. தலை, கழுத்து, உடம்பு மூன்றும் சேர்ந்த பிறகு, அரிவாள்களைச் சிறகு இருக்கும் இடத்தில் கம்பியால் கட்டுங்கள். முழு உருவத்தையும் ஒரு கயிற்றில் உத்திரத்திலிருந்து தொங்கவிடுங்கள். நீங்கள் விரும்பும் சாய்வில் அது அசையாமல் தொங்கும்வரை கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கயிறு நின்ற இடத்துக்கு நேர் கீழே, வயிற்றில் சாக்பீஸால் குறியிடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பிடித்தால் கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தைப் பாதத்தின் விரல்கள் சுற்றி நிற்க வேண்டும். கால் சாய்ந்தோ மடங்கியோ எப்படி வேண்டுமானாலும் போகலாம். பாதம் மட்டும் அங்கே வந்து சேர வேண்டும்.

நிற்கும் காலுக்கு 16 மில்லிமீட்டர் கம்பியையே போடுங்கள். மெலிதாக இருந்தால் அழகு என்று நான் 8 மில்லிமீட்டரில் செய்து பார்த்தேன். மொட்டைமாடிக் காற்றில் நாளெல்லாம் ஆடியது, அசல் கொக்கு போலவே. பார்க்க ரசிக்கத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு ஒடிந்தது. ஆடுகிற இரும்பு ஒரு நாள் ஒடியும்.

கணுக்கால் மூட்டுக்கு நட்டைக் கம்பியில் கோத்து, அதன் இருபுறமும் பற்றவையுங்கள். 10 மில்லிமீட்டர் கம்பியில் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. விரல்களைத் தகட்டோடு முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். இங்கே புள்ளி போதாது. கால் வயிற்றுத் தகட்டை நேராகத் தொடக்கூடாது. மெல்லிய தகடு கிழிந்துவிடும். உள்ளே உள்ளங்கை அளவில் 5 மில்லிமீட்டர் தகட்டை முதலில் ஒட்டி, அதில் காலைச் சேருங்கள். இதை உடம்பை மூடும் முன்பே செய்திருக்க வேண்டும். இப்போதுதான் படிக்கிறீர்கள் என்றால், ஒரு ஷவல் தலையின் புள்ளிகளை வெட்டித் திறந்துகொள்ளுங்கள், நானும் திறந்தேன். மற்றொரு காலை 10 மில்லிமீட்டர் கம்பியில் மடக்கி வயிற்றோடு அணையுங்கள்.

சிறகும் தூவியும்

அரிவாளின் மரப்பிடியைக் கழற்றி, கூர் விளிம்பை அரத்தால் மழுங்கச் செய்யுங்கள். பற்கள் கண்ணுக்குத் தெரியட்டும், கையை வெட்ட வேண்டாம். பக்கத்துக்கு மூன்று, ஒன்றின் மேல் ஒன்று பாதி மறையும்படி, கீழேயிருந்து மேலாக ஓடு வேய்வது போல அடுக்குங்கள். பிடி செருகும் கம்பி நுனி தோளில் மறையும். முன்பக்கம் மட்டும் ஒட்டி, பின்நுனிகளை விட்டுவிட்டால் சிறகு காற்றோட்டமாகத் தெரியும்.

இனப்பெருக்கக் காலத்தில் கொக்கின் முதுகில் மெல்லிய தூவிகள் தொங்கும். அதற்குத்தான் போக்ஸ் கம்பி, பத்துப் பன்னிரண்டு. நாகமுலாம் இருந்தால் வினிகரில் கரைத்துவிட்டு ஒட்டுங்கள். நுனிகளைக் கட்டாயம் உள்பக்கமாகச் சுருட்டிவிடுங்கள். ஒரு குழந்தையின் கண் உயரத்தில் அவை நிற்கப்போகின்றன.

எல்லாம் சரியாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு, புள்ளி வைத்த இடங்களை முழுமையாக ஓட்டி, கசடைத் தட்டி, கம்பிப் பிரஷ் போடுங்கள். வெல்டிங்கை எல்லா இடத்திலும் தேய்த்து மறைக்க வேண்டியதில்லை. துணியில் தையல் தெரிவது போல அது வெளியே தெரியலாம்.

பூச்சு

தங்கநிற ஸ்ப்ரே பெயிண்ட் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குறடும் அரிவாளும் ஒரே நிறத்துக்குள் காணாமல் போய்விடும். வீட்டுக்குள் வைப்பதென்றால், உருவத்தை வெயிலில் சூடாக்கி, ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தேயுங்கள். ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை. இரும்பு கறுஞ்சிவப்பாக ஆழ்ந்துவரும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள்; அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறி, குவியலாகக் கிடக்கும் துணி தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

வெளியில், அதுவும் கடற்கரைப் பக்கம் வைப்பதென்றால் எண்ணெய் தாங்காது. துருவைத் துடைத்து, நிறமில்லாத லாக்கர் இரண்டு பூச்சு. அடித்தளத் தகட்டின் அடியில் மட்டும் ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்புப் பூச்சு. அங்கேதான் தண்ணீர் தேங்கும். தகட்டின் நான்கு மூலையிலும் துளை போட்டுத் தரையில் போல்ட் வைத்து இறுக்குங்கள்.

ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை துடைத்து, பூச்சு உரிந்த இடங்களில் மறுபடி தடவுங்கள். அப்போதே சிறு சுத்தியலால் பாதம், கணுக்கால், வயிறு என்று ஒவ்வொரு வெல்டிங்கையும் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நலம். மண்பானை போல மந்தமாக ஒலித்தால் அங்கே விரிசல் இருக்கிறது. தேய்த்துத் திறந்து மீண்டும் பற்றவையுங்கள்.